நல்லதை மட்டும் எழுதிய நோட்டு

எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போது நல்ல செய்தியைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். வீட்டில் இருந்ததே மூன்று பேர்தான். பொம்மிடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்த என் கணவர், எட்டு வயதான எங்கள் மகள், நான். மூன்று பேருக்கு ஒரு சட்டம் எதற்கு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது இல்லாமல் நான் எழுந்து நடமாடியிருக்க மாட்டேன்.

அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இரண்டாவதாக ஒரு ஆண் குழந்தை பிறந்து, ஒன்பதாம் நாள் இறந்துபோனது. பெயர்கூட வைத்திருக்கவில்லை. அதன் பிறகு ஐந்து மாதம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பால்வாடியில் டீச்சராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. பென்னாகரத்திலிருந்து என் நாத்தனார் வந்து சமைத்துப் போட்டார். மகளுக்கு அப்போது ஆறு வயது. கதவருகே வந்து நின்று என் முதுகைப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் நிற்பது எனக்குத் தெரியும். திரும்ப மாட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா படித்து முடித்த வாரப் பத்திரிகைகளை என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். அவருடைய வீட்டுக்காரர் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார்; கடைக்கு வாங்கும் பத்திரிகைகள் கடைசியில் எங்கள் தெருப் பெண்களுக்கு வந்து சேரும். அதில் ஒன்றில் ஒரு சின்னக் குறிப்பு இருந்தது. படுக்கப் போகும் முன் அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றை எழுதி வையுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, மனம் தானாக நல்லதைத் தேடப் பழகிவிடும் என்று. வேறொரு நாளாக இருந்தால் பக்கத்தைத் திருப்பியிருப்பேன். அன்றைக்கு என்னவோ, மகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, ‘இன்றைக்குப் பால் திரியவில்லை’ என்று எழுதினேன். மறுநாள், ‘மழைக்கு முன்னாலேயே துணி எடுத்தாகிவிட்டது.’ அதற்கு மறுநாள் எழுத ஒன்றுமே கிடைக்காமல், ஒன்றைப் பார்ப்பதற்காகவே எழுந்து வாசலுக்குப் போனேன். எதிர்வீட்டு முருங்கை பூத்திருந்தது. அதை எழுதினேன்.

இரண்டு மாதத்தில் பால்வாடிக்குத் திரும்பினேன். அந்தப் பழக்கம் என்னை எழுப்பியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னை எழுப்பியது எல்லோருக்கும் நல்லது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டின்போது ஆளுக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்றேன். மகள் சில நாள், “சிலேட்டு ஒடஞ்சிபோச்சிம்மா” என்றோ “டீச்சர் அடிச்சிட்டாங்க” என்றோ ஆரம்பிப்பாள். “அது இருக்கட்டும் கண்ணு, நல்லது ஒண்ணு சொல்லு” என்பேன். திட்ட மாட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னிக்கி சத்துணவுல பருப்பு நெறய போட்டாங்க” என்பாள். நான் கைதட்டுவேன். எப்படி அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று நான் கேட்டதாக ஞாபகமே இல்லை.

மகளுக்கு எட்டு வயதான அந்த வருடம் மே மாதம் மூன்று பேரும் பென்னாகரத்துக்குப் போனோம். குழந்தை போனதற்குப் பிறகு நாங்கள் எங்கும் கிளம்பிய முதல் விடுமுறை அது. நாத்தனார் வீட்டில் நான்கு நாள் தங்கி, நடுவில் இரண்டு நாள் ஒகேனக்கல். என் கணவர் கூட வேலை பார்க்கும் ஒருவரிடம் காமிரா வாங்கி வந்திருந்தார். பன்னிரண்டு படம்தான் எடுக்க முடியும். எதை எடுப்பது எதை விடுவது என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டு போனோம். அந்த நான்கு நாளில் ஒரு துளி வருத்தமும் வரக் கூடாது என்று மனதுக்குள் உறுதி எடுத்திருந்தேன். ஊருக்குத் திரும்பியதும் இந்த விடுமுறைக்கென்றே ஒரு நோட்டுப் போட வேண்டும், படங்களை ஒட்ட வேண்டும், பஸ் டிக்கெட்டைக்கூட எறியக் கூடாது என்றெல்லாம் திட்டம். நாங்கள் இன்னும் ஒகேனக்கல்லைப் பார்க்கவே இல்லை. அதற்குள் நான் அதைப் பத்திரப்படுத்த ஆரம்பித்துவிட்டேன்.

முதல் நாள் பரிசலில் போனோம். பரிசல்காரர் நடு ஆற்றில் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட, மகள் போட்ட கூச்சலில் பாறை மேல் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மசாலா தடவிப் பொரித்த மீனை வாழையிலையில் வாங்கி, முள்ளை எடுக்கக்கூடப் பொறுமையில்லாமல் சாப்பிட்டோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம். அது பொய்யில்லை.

இரண்டாம் நாள் அருவிக் குளியல். அன்றைக்குத் தண்ணீர் அதிகம். என் கணவர் மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் காமிராவோடு வெளியே பாறையில் நின்றிருந்தேன். இன்னும் இரண்டே படம் மிச்சம். இரண்டு மூன்று நிமிடத்தில் மகள் தனியாக வெளியே ஓடி வந்தாள். இடது கையால் இடது காதைப் பொத்தியிருந்தாள். முகம் சுருங்கியிருந்தது. வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். அருவி இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.

“அப்படியே நில்லு! கைய எடுக்காத! அழகா இருக்குது!” என்று கத்தினேன்.

அவள் நின்றாள். நான் படம் எடுத்தேன். காமிராவைப் பார்த்ததும் சிரிக்கவும் முயன்றாள். எடுத்து முடித்த பிறகு கிட்டே வந்து, “காது வலிக்குதும்மா” என்றாள்.

“தண்ணி பூந்திருக்கும். தலய சாச்சி குதி, வந்துடும்.”

தலையைச் சாய்த்துக் குதித்தாள். “வரலம்மா.”

“தானா வந்துடும் கண்ணு. வா, இன்னிக்கும் மீன் சாப்டலாம்.”

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் அந்தக் காதைப் பற்றி அந்த விடுமுறையில் ஒரு பேச்சும் இல்லை. அவளும் பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் படங்களைக் கழுவி வாங்கினோம். பெரிய நோட்டு ஒன்று வாங்கி, கோந்து தடவி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கீழே நான் ஒரு வரி எழுதினேன். காதைப் பொத்திக்கொண்டு மகள் நிற்கும் படம்தான் எல்லாவற்றிலும் அழகாக வந்திருந்தது. பின்னால் வெள்ளையாக அருவி, முன்னால் ஈரப் பாவாடையோடு அவள். அதன் கீழே ‘அருவியின் பாட்டைக் கேட்கிறாள்’ என்று எழுதினேன். பார்த்தவர்கள் எல்லாம் படத்தைவிட அந்த வரியைப் பாராட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் ஒகேனக்கல்லில் நடந்த ஒன்றை நினைவுபடுத்திச் சொல்வது என்று புது வழக்கம் வந்தது. நல்ல நாட்கள் மறந்துபோகாமல் இருக்க, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பரிசல் சுற்றியது, மீன் கடைக்காரர் கன்னடத்தில் பாடியது, கூட வந்த நாத்தனார் மகனின் செருப்பு ஆற்றோடு போனது என்று மாற்றி மாற்றிச் சொல்வோம். ஒரு நாள் மகள் முறை வந்தபோது சாதத்தைப் பிசைந்துகொண்டே, “காதுக்குள்ள இன்னும் அருவி ஓடிக்கினே இருக்குதும்மா” என்றாள்.

நான் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்க் கையைக் கழுவி, நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதினேன். எழுதும்போது கண் கலங்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டது! மறுநாள் பால்வாடியில் எனக்கு உதவிக்கு இருந்த ஆயாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். நாத்தனாருக்குக் கடிதத்தில் எழுதினேன். பிள்ளை பெரிய எழுத்தாளர் ஆகப் போகிறாள் என்று நாத்தனார் பதில் போட்டார். வீட்டுக்கு யார் வந்தாலும் மகளைக் கூப்பிட்டு, “நீ என்னா சொன்ன, சொல்லு பாப்பா” என்பேன். அவள் வந்து நின்று, “காதுக்குள்ள அருவி ஓடுது” என்பாள். அவர்கள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவார்கள். சில சமயம் அவள் சொல்லிவிட்டு, கேட்டவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேறு ஏதோ பதில் வரும் என்று காத்திருந்தாள் என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் மகள் திரும்பவில்லை. “டவராவ எடுத்துக்கினு வா” என்றால் துடைப்பத்தை எடுத்து வந்தாள். ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். ஒரு நாள் நோட்டில், ‘பாப்பா இன்னும் ஆற்றுக் கனவிலேயே இருக்கிறாள்’ என்று எழுதினேன்.

எனக்குப் பால்வாடியில் வேலை என்று சொன்னேன். திங்கட்கிழமை தவறாமல் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து நகம், தலை, கண், காது எல்லாம் பார்ப்பேன். காதில் சீழ் வரும் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, “பெத்தா மட்டும் போதுமா? பார்க்க வேணாமா?” என்று கேட்டிருக்கிறேன். கூலி வேலைக்குப் போகிற அந்தப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். அந்தத் திங்கட்கிழமைகளிலும் என் மகளின் காதில் வலி இருந்தது.

ஜூலையில் ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவருடைய மகளுக்குத் தலை பின்னும்போது எங்கள் மகளுக்கும் சேர்த்துப் பின்னிவிடுவது அவருக்கு வழக்கம். அன்றைக்குப் பாதிப் பின்னலோடு மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார்.

“தங்கச்சி, இப்படி வெளிச்சத்துக்கு வா” என்றார்.

“என்னாங்கக்கா?”

“இத மோந்து பாரு.” மகளின் இடது காதோரத்து முடியை விரலால் ஒதுக்கினார்.

குனிந்தேன். அழுகல் நாற்றம். காது மடலுக்குக் கீழே மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

“போன வாரமே பூ வெக்கும்போது லேசா நாத்தம் வந்துச்சி. எண்ணெய் சிக்குன்னு நெனச்சிட்டன். இன்னிக்கி தொட்டா புள்ள துடிக்குது. ஏம்மா, உனக்குத் தெரியாதா?”

மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வலிக்கலம்மா, கொஞ்சந்தான்” என்றாள். அவள் என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று தெரிந்தது.

மறுநாள் காலையிலேயே தர்மபுரிக்குப் போனோம். காது மூக்குத் தொண்டை பார்க்கும் ஒரு டாக்டர் அங்கே கிளினிக் வைத்திருந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சத்தைக் காதுக்குள் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பஞ்சால் துடைத்துத் துடைத்து எடுத்தார். மகள் என் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

“எத்தன நாளா இருக்குதும்மா?”

“நேத்துதான் பார்த்தங்க.”

“நீங்க பார்த்தது நேத்து. புள்ளைக்கு எத்தன நாளா?”

டாக்டர் இன்னொரு பஞ்சைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

“காதுல அடிபட்டுச்சா? ஆத்துல கீத்துல குளிச்சீங்களா?”

“மே மாசம் ஒகேனக்கல் போனமுங்க.”

“அருவில நின்னாளா? சரி. அதுக்கப்புறம் காதுக்குள்ள எரைச்சல் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாளா?”

நான் வாயைத் திறக்கும் முன்பே மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த கேள்வி அது. “அருவி ஓடுற சத்தம் கேட்டுது டாக்டர். நான் சொன்னன். எங்கம்மா நோட்டுல எழுதி வச்சிருக்குது” என்றாள். அதைச் சொன்னதும் அவள் முகத்தில் பெருமை இருந்தது. எல்லோரும் பாராட்டிய வரி அல்லவா.

டாக்டர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. புரியாமல் பார்த்தார். பிறகு, தண்ணீர் விழுந்த வேகத்தில் செவிப்பறை கிழிந்திருக்கிறது என்று விளக்கினார். அந்த இரைச்சல்தான் அதற்கு அடையாளம் என்றார். அப்போதே கொண்டு வந்திருந்தால், தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டிருந்தாலே பெரும்பாலும் தானாக மூடியிருக்கும். வாரம் தவறாமல் தலைக்கு ஊற்றினோம் அல்லவா, அதில் சீழ் பிடித்து உள்ளே போய்விட்டது. சீழை ஆற்றிவிடலாம், பெரியவளான பிறகு ஆபரேஷன் செய்து பறையை அடைக்கலாம், கேட்கும் சக்தி பழையபடி முழுசாக வரும் என்று மட்டும் சொல்ல முடியாது.

தலைக்கு ஊற்றியதும் நான்தான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, காதில் இரண்டு சொட்டு விட்டு, சுடுதண்ணீர் ஊற்றினேன். அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தப்பிக்கப் பார்ப்பாள். விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே பிடித்து வைப்பேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் எனக்கு இடப்பக்கம், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் அவளுடைய வலது காது என் பக்கம் இருக்கும். வீட்டில் சாப்பிடும்போதும் சில வாரங்களாக அவள் இடம் மாறி உட்கார்வது அப்போது நினைவுக்கு வந்தது. அதையும் நான் பார்த்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

“ஏன் கண்ணு அம்மாகிட்ட சொல்லல?”

“சொன்னனே. அருவிகிட்டயே சொன்னன்.”

“அதுக்கப்புறம்?”

ஜன்னலுக்கு வெளியே புளிய மரங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ மறுபடியும் படுத்துக்குவ இல்ல?” என்றாள்.

“யாரு சொன்னா?”

“அப்பா. அம்மாகிட்ட அழுவாச்சி விஷயம் எதும் சொல்லக் கூடாது, சொன்னா அம்மா மறுபடியும் படுத்துக்கும்னாரு. அதான், வலிச்சா தலவாணிய காதுல அமுத்திக்குவன். செரியாப் பூடும்.”

பஸ்ஸில் கூட்டம் இருந்தது. நான் அழவில்லை. அழுதால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடும் என்ற பயம். அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டேன். ஐந்து மாதம் அவள் பார்த்துக்கொண்டு நின்ற என் முதுகுதான் அவளை இப்படி வாய் மூட வைத்தது. நோட்டு பிற்பாடு வந்தது.

வீட்டில் என் கணவர் காத்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மகள் பஸ்ஸில் சொன்னதையும் சொன்னேன். அவர் மகளின் தலையணையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “தலையண உறையில கறை பார்த்தன்” என்றார்.

“எப்போ?”

“பள்ளிக்கூடம் தொறந்த வாரம். நானே தொவச்சிப் போட்டன்.”

“ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“எச்சில் ஒழுவியிருக்கும்னு நெனச்சிக்கிட்டன். நெஜமா அப்படித்தான் நெனச்சனான்னு கேட்டா, தெரியல. நீ அப்பதான் பழையபடி சிரிக்க ஆரம்பிச்சிருந்த. இத எடுத்து எப்படி உங்கிட்ட கொண்டாந்து வெக்கறது?”

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளையின் காது போனாலும் பரவாயில்லை, என் சிரிப்பு முக்கியமா என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பால்வாடியில் என் முன்னால் நின்ற பெண்கள் போலவே நின்றார். அதைப் பார்த்ததும் கோபத்துக்கு இடமில்லாமல் போனது. அவரும் மகளுமாக என்னை ஒரு கண்ணாடிப் பாத்திரம் போலத் தூக்கி வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அப்படிப் பாதுகாக்க வைத்தது யார்?

ஒகேனக்கல் நோட்டை எடுத்தேன். ‘அருவியின் பாட்டைக் கேட்கிறாள்’ என்ற பக்கத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். மகள் ஓடி வந்து நோட்டின் மேல் கையை வைத்தாள்.

“ஏம்மா கிழிக்கற? நல்ல நோட்டும்மா அது. பரிசல்ல போனதெல்லாம் இதுல இருக்குது.”

“இதுல அம்மா தப்பா எழுதிட்டன் கண்ணு.”

“தப்புன்னா அழிச்சிட்டு எழுதலாமில்ல?”

மையால் எழுதியதை அழிக்க முடியாது. அதனால் அவளிடமே பென்சிலைக் கொடுத்து, அன்றைக்கு என்ன நடந்ததோ அதைக் கீழே எழுதச் சொன்னேன். நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். ‘காது ரொம்ப வலிச்சது. அப்புறம் மீன் சாப்பிட்டோம். மீன் நல்லா இருந்தது.’

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வலியையும் மீனையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைக்க அவளுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. எனக்குத்தான் ஒன்றை வைத்துக்கொள்ள இன்னொன்றைத் தள்ள வேண்டியிருந்தது.

சீழ் ஆற நான்கு மாதம் ஆனது. வாரம் ஒரு முறை தர்மபுரி. பால்வாடியில் நான் யாரையும் அதற்குப் பிறகு அப்படிக் கேட்கவில்லை. ஒரு பெண்ணிடம், முன்பு அப்படிப் பேசியதற்காக மன்னிப்புக் கேட்கப் போனேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. “நீங்க நல்லதுக்குத்தான டீச்சர் சொன்னீங்க” என்றாள். அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. மகளுக்குப் பதினாறு வயதில் ஆபரேஷன் நடந்தது. பறை ஒட்டியது, கேட்பது பாதிதான் திரும்பியது. இன்றைக்கும் போனை வலது காதில்தான் வைத்துப் பேசுகிறாள். நான் இந்தப் பேச்சை எடுத்தால், “எத்தன தடவ இதையே சொல்லுவ, விடும்மா” என்பாள். அவளுக்கு ஒகேனக்கல் என்றால் பரிசலும் மீனும்தான். அவளுக்கு அந்த விடுமுறை நல்லபடியாகவே நினைவில் நின்றுவிட்டது. நான் அத்தனை பாடுபட்டுப் பத்திரப்படுத்திய விடுமுறையை நினைத்தால் எனக்கு அந்தக் கையும் சுருங்கிய முகமும்தான் வருகின்றன.

சாப்பாட்டு நேரத்துச் சட்டத்தை எடுத்துவிட்டேன். எடுப்பது சுலபமாக இருக்கவில்லை. “இன்னிக்கி என்னா ஆச்சி?” என்று மட்டும் கேட்கப் பழகினேன். மகள் பல வாரங்களுக்கு நல்லதையே சொன்னாள். காத்திருந்தேன். ஒரு நாள், கணக்கில் மூன்று மார்க் வாங்கியதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் எழுந்து போய்ப் படுக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த வாய் சோறு எடுத்தாள்.

அடுத்த வருட விடுமுறையில் தீர்த்தமலைக்குப் போனோம். காமிரா வாங்கிப் போகவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். மலை மேல் பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் எல்லோரும் நனைய, மகள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அதற்குள் அவள் குறை சொல்லத் தேறியிருந்தாள். ஏறும்போது வெயில் என்றாள். குடிக்கக் கொண்டு வந்த தண்ணீர் சுடுகிறது என்றாள். குரங்கு தன் தேங்காயைப் பிடுங்கிக்கொண்டது, அப்பா விரட்டவே இல்லை என்றாள். இறங்கும்போது பத்துப் படிக்கு ஒரு முறை செருப்பு கடிக்கிறது என்றாள்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குள் நிம்மதியாக இருந்தது. பிள்ளை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிறாள், எத்தனை நல்ல விஷயம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். முகத்தில் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

மகள் படியில் நின்றுவிட்டாள்.

“சிரிக்காதம்மா. நெஜமாவே வலிக்குது.”

எனக்குச் சுருக்கென்றது. மறுபடியும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். அவள் வலியை எடுத்து எனக்கு இதமான ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். அவளைப் படியில் உட்கார வைத்து, எதிரில் குந்தி, செருப்பைக் கழற்றினேன். குதிகாலில் கொப்புளம் உடைந்து, வார் பட்ட இடத்தில் ரத்தம் ஒட்டியிருந்தது. குடிக்கக் கொண்டு வந்திருந்த தண்ணீரால் கழுவினேன். என் கணவர் கைக்குட்டையைக் கிழித்துக் கொடுக்க, அதைச் சுற்றிக் கட்டினேன். இறுக்கமாக இருக்கிறது என்றாள். அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

மீதிப் படிகளை அவள் அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு இறங்கினாள். அவர் வேகமாகப் போகிறார், குலுங்குகிறது என்று குறை சொல்லிக்கொண்டே போனாள். நான் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளுடைய வலப் பக்கமாகப் போய்ச் சேர்ந்துகொண்டேன்.